‘நிறுத்து’

கலைவாணியின் வீட்டில் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்வதில்லை. ஃபேனை அணைப்பார்கள், குழாயை மூடுவார்கள். பஸ்ஸில்கூட அவள் கம்பியைத் தட்டித்தான் இறங்குவாள். மறதியில் அந்தச் சொல் வாயில் வந்த நாட்களெல்லாம் அவள் நெற்றியிலும் புருவத்திலும் தழும்பாக இருக்கின்றன.

செஞ்சிப் பக்கம், அனந்தபுரத்துக்கு வெளியே அவர்களுக்கு ஒரு மல்லாட்டைக் கொல்லை, கடலை போடும் நிலம். தண்ணீர் பாய்ச்சும் முறைக்காக கலைவாணியின் புருஷனுக்கும் அவன் அண்ணனுக்கும் சண்டை வந்தது. “மோட்டார நிறுத்துடா!” என்று கத்திக்கொண்டே அண்ணன் தனகோட்டி ஸ்பானரால் தம்பி துரைக்கண்ணுவின் மண்டையைப் பிளந்தான். உயிர் பிழைத்து வந்த துரைக்கண்ணு பார்வைக்குப் பழைய ஆள்தான். சாப்பிடுவான், சிரிப்பான். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் மட்டும் எதிரில் இருப்பவரை அடித்து நொறுக்குவான். அடித்தது அடுத்த நிமிஷமே மறந்துபோகும்.

மண்டையை உடைத்த புண்ணியவானே ஒருநாள் பிரியாணி வாங்கிக் கொடுத்து, பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய், கொல்லையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

கலைவாணி வழக்குப் போட்டாள். பத்திரம் புரிகிற புத்தி துரைக்கண்ணுவுக்கு உண்டா என்று சோதிக்க, செஞ்சியில் இருந்த மனநல டாக்டர் ஜெயஸ்ரீயிடம் கோர்ட் அனுப்பியது. இல்லை என்று அவர் எழுதினால்தான் கொல்லை திரும்பும்.

இதெல்லாம் கலைவாணிக்குத் தெரியும். ஆனாலும் ஆபீசர் முன்னால் போகிற மனுஷன் பரதேசி மாதிரி போகலாமா? ஷேவ் செய்யவைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, திருநீறு பூசிவிட்டாள். பஸ்ஸில் போகும்போது கிழமை, மாசம், கலெக்டர் பேர் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

“கேட்டதுக்குக் கரெக்டா பதில் சொல்லுய்யா. மானத்த வாங்கிடாத.”

துரைக்கண்ணு மானத்தைக் காப்பாற்றினான். கேட்டதற்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னான்.

“தெளிவாத்தானே பேசறாரு?” என்றார் டாக்டர். “இத வச்சு நான் என்னம்மா எழுதறது?”

கலைவாணி நெற்றியைக் காட்டினாள். அடி, உதை, தழும்பு எல்லாம் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொன்னதா எழுதிக்கறேன். நான் பாத்தேன்னு எழுத முடியாதும்மா.”

தான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவ்வளவு பாடுபட்டு, தன் கொல்லையைத் தானே தனகோட்டிக்கு எழுதிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள். மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் புருஷனுக்கு நேர் எதிரில் போட்டுக்கொண்டாள்.

“மேடம், நீங்க கதவாண்ட போயிடுங்க.”

“ஏன்?”

அவள் துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பதில் சொன்ன சந்தோஷம் அதில் இன்னும் இருந்தது.

“மோட்டார நிறுத்து,” என்றாள்.

முதல் குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்தது. நாற்காலியோடு அவள் மல்லாந்து விழ, அவன் மேலே ஏறிக் கூந்தலைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. விலா எலும்பில் முட்டியால் இடித்தான்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று டாக்டர் அலறினார். ஒவ்வொரு அலறலுக்கும் அடி இரண்டு மடங்கானது. வாட்ச்மேனும் இன்னொருவரும் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்ததும்தான் அவள் மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் துரைக்கண்ணுவின் கைகள் தொய்ந்தன. சுற்றிலும் பார்த்தவன் தரையில் கிடந்தவளைக் கண்டு பதறிப்போனான். வெள்ளைச் சட்டையின் முனையால் அவள் வாயைத் துடைத்தான்.

“அய்யோ, இன்னா ஆச்சு கலை? எவன் அடிச்சான் உன்ன? சொல்லு, அவன் கைய வெட்டிடறேன்.”

வீட்டில் இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் ஒரே பதில்தான்: கதவு இடித்துவிட்டது. இன்று டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீதான்யா,” என்றாள்.

அவன் அவளையே பரிதாபமாகப் பார்த்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

“மேடம், இதையும் எழுதிக்குங்க. இவளுக்குத்தான் புத்தி சரியில்ல, பாவம்.”