மஞ்சள் பட்டைத் தொப்பி

கேமரன் மலைப் பாதையை ஐயாவு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அதன் வளைவுகள் அவருக்கு மனப்பாடம்.

தாப்பாவில் தாவூத்தின் சாப்பாட்டுக் கடைக்குக் காய்கறி லாரிக்காரர்கள் வருவார்கள். மலையிலிருந்து முட்டைக்கோசு ஏற்றி இறங்குகிறவர்கள். ஐயாவு தே தண்ணியை வைத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், அருவிக்கு மேலே எங்கே மண் சரியும், ரிங்லெட்டில் எந்தக் கடையில் பெட்ரோல் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டதைப் பிறகு தானே போய் வந்தவரைப் போல மற்றவர்களுக்குச் சொல்வார்.

"எப்பண்ணே மலை?" என்று தாவூத் கேட்பார்.

"இந்த மழை விடட்டும் தம்பி."

ஐயாவு அப்போது பீடோருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி அட்டெண்டனாக இருந்தார். 1975-இல் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். வாங்கிய அன்றே மனைவி ராக்காயியிடம் சொல்லிவிட்டார்: "இது மலை ஏறுற வண்டி. ஒன்னைய கேமரனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவளுக்கு அது பெரிய வார்த்தை. அவள் ரப்பர் பால் வெட்டும் காட்டிலிருந்து பார்த்தால் கிழக்கே அந்த மலைதான் தெரியும். பஸ்ஸில் போகலாம் என்றால் அவளுக்கு பஸ் ஆகாது. தெலுக் ஆன்சன் போவதற்குள்ளேயே வாந்தி எடுக்கப் பை கேட்பாள். அதனால் மலைக்கு என்றால் மோட்டார்தான், ஐயாவுதான்.

ஒரு வருஷம் மகனுக்குப் பரீட்சை. ஒரு வருஷம் அடைமழை. அப்படியே தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது, தோட்டத்துச் செம்மண் பாதையில், வளைவில், பால் லாரி எதிரே வந்தது. ஐயாவு வண்டியைப் பாதையோரச் சாக்கடைக் கானுக்குள் விட்டார். தோள்பட்டை விலகியது. பீடோரில் ஒரு சின்சே, சீன வைத்தியர், இழுத்துச் சேர்த்துக் கட்டுப் போட்டார். சில மாதங்களில் சரியாகிவிட்டது.

சரியான பிறகு ஒரு சாயங்காலம் வண்டியை வெளியே தள்ளி உதைத்தார். ஓடியது. கியரில் போட்டதும் கை நடுங்கியது. நிறுத்தினார். மறுபடி போட்டார். இப்போது கையோடு தொடையும் ஆடியது. பைப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த ராக்காயி நிமிர்ந்து அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"தோளு இன்னும் வலிக்குது," என்றார் ஐயாவு.

அவள் அரிசியில் தண்ணீரை மாற்றினாள்.

அன்றிலிருந்து தோள்தான் காரணம். ஊருக்கும் அதைத்தான் சொன்னார், ஈப்போவில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த மகனுக்கும் அதைத்தான் சொன்னார். பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ஐயாவு தாப்பாவில் ஒரு மர ஆலைக்குக் காவல்கார ஜாகாவாகப் போனார், பஸ்ஸில். ராக்காயிக்குக் கொய்யாத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் பஸ் இல்லை. மகன் லீவுக்கு வந்திருந்தபோது பந்து விளையாடும் திடலில் அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது முறை திடலைச் சுற்றி வந்து, பிரேக்கை மறந்து, கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொழிலாளர் லயமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் லைசென்ஸ் எடுத்தாள்.

அவள் ஓட்டுவதை யாரும் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண், போகிறாள், அவ்வளவுதான். ஆனால் ஐயாவு அவளுக்குப் பின்னால் ஒரு நாளும் ஏறவில்லை. மழையில் பஸ்ஸுக்கு நிற்பார். அவள் அவ்வழியே வந்தால் குடையைச் சற்று முன்பக்கம் சாய்த்துக்கொள்வார்.

ஒரு வருஷம் சித்திரைத் திருவிழாவில் ஒரு பிசகு செய்தார். மாரியம்மன் புறப்பாடு. வழக்கம்போலப் பல்லக்கின் முன்கொம்பில் தோள் கொடுத்தார். வலது தோள். லயத்தைச் சுற்றி வந்து இறக்கி வைத்தபோதுதான் அது எந்தத் தோள் என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் சீனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி தூக்கத் தோளு இருக்கு. மோட்டாரு ஓட்ட மட்டும் இல்லையா மச்சான்?"

"சாமி வேற, மோட்டாரு வேற லா."

"ஆமா, சாமிக்கு பிரேக்கு புடிக்க வேணாம்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். விபூதி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

1984 தொடக்கத்தில் ராக்காயிதான் பேச்சை எடுத்தாள். "சீனப் பெருநாளுக்குக் கொய்யாத் தோட்டம் லீவு. மலைக்குப் போயிட்டு வருவமா? நான் ஓட்டுறேன். நீங்க பாதை சொல்லுங்க."

பாதை சொல்லுங்க என்று அவள் சொன்னது அவருக்காகச் சொன்னது. அது அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னும் கூசியது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திட்டம் போட ஆரம்பித்தார்.

வழக்கமான திட்டம் இல்லை இது. வளைவுகளை விட்டுவிட்டார். கண்களைக் கணக்கில் எடுத்தார். பீடோர் பஸ் நிலையத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், தாப்பாவில் எந்தத் தெருவில் தாவூத்தின் கடை, மர ஆலை ஆட்கள் எங்கே பசியாறுவார்கள். எல்லாவற்றையும் யோசித்து முடித்து ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"நான் முன்னாடியே பஸ்ஸுல தாப்பாவுக்குப் போயிர்றேன். டவுனுக்கு முந்துன ஸ்டாப்புல எறங்கி, பின்சந்து வழியா நடந்து மலை ரோட்டுக்கு வந்துர்றேன். அங்க ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கு. நீ மோட்டாருல வந்து மரத்தடியில நில்லு. அங்க ஏறிக்கிறேன். திரும்பி வாரப்பவும் அதே மரத்துல எறங்கிக்கிறேன்."

ராக்காயி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டியா இருக்கப்போறது மலையில மட்டுந்தானா?"

"டவுனுல நெரிசலு. ரெண்டு பேரு பாரம். ஒனக்குத்தான் செரமம்னு பாத்தேன்."

"ம்," என்றாள். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

முந்தின வாரம் மகன் வந்தான். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். செயினை இறுக்கினான். பிரேக் கட்டைகளை மாற்றினான். "எறங்கும்போது ரெண்டாவது கியருலயே வாங்கப்பா. பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாயிரும், அப்புறம் புடிக்காது," என்றான். பிறகு, "யாரு ஓட்டுறா?" என்று கேட்டான்.

"நான்தான். தோளு இப்பத் தேவல," என்றார் ஐயாவு.

ராக்காயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. மகன் அப்பாவை வண்டியில் உட்கார வைத்துக் கண்ணாடியை அவர் உயரத்துக்குத் திருப்பி முடுக்கினான். ஒளிரும் மஞ்சள் பட்டை கொஞ்சம் கொண்டு வந்திருந்தான். ஒரு ஹெல்மெட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அப்பாவின் வெள்ளை ஹெல்மெட்டில் அகலமாகச் சுற்றி ஒட்டினான். அம்மாவின் சிவப்பு ஹெல்மெட்டைத் துடைத்து மட்டும் வைத்தான். ஈப்போவுக்குத் திரும்பிப் போனான்.

அந்த நாள் காலை எல்லாம் திட்டப்படியே நடந்தது. பஸ். முந்தின ஸ்டாப். பின்சந்து. சந்து மலை ரோட்டைத் தொடும் இடத்தில், சைக்கிளில் இறைச்சிக் கூடையைக் கட்டித் தள்ளிக்கொண்டு, தாவூத் வந்தார்.

"ஐயாவு அண்ணே. எங்க இந்தப் பக்கம்?"

ஐயாவு பொதுவாகக் கையைக் காட்டினார். "அந்தாண்ட ஒரு ஆளப் பாக்கணும்."

"நானும் அந்தப் பக்கந்தான். பல்கீஸோட அத்தா வீட்டுல கொஞ்சம் கறி குடுக்கணும். வாங்க, பேசிக்கிட்டே போலாம்."

பல்கீஸ் தாவூத்தின் மனைவி. ராக்காயியைத் தாவூத் பார்த்ததே இல்லை. ஐயாவு அவளை ஒரு நாளும் கடைக்குக் கூட்டி வந்ததில்லை.

மரம் தூரத்திலேயே தெரிந்தது. அதன் அடியில் வண்டி நின்றது. பக்கத்தில் ராக்காயி. ஐயாவின் பழைய கால்சட்டை, மகனின் முழுக்கைச் சட்டை, தலையில் சிவப்பு ஹெல்மெட். வெள்ளை ஹெல்மெட் வண்டியின் கொக்கியில் தொங்கியது. கணவன் வருவதைப் பார்த்ததும் அதைக் கழற்றிக் கையில் எடுத்தாள். நீட்டுவதற்கு வசதியாக வாரைப் பிரித்துப் பிடித்தாள்.

தாவூத் குரலைத் தாழ்த்தினார். "பாருங்கண்ணே. பொம்பள கால்சட்ட மாட்டிக்கிட்டு மலைக்குப் பொறப்பட்டிருக்கு. புருசங்காரன் வீட்டுல தூங்குறான் போல."

ஐயாவு சிரித்தார். சின்னச் சிரிப்புதான். மூக்கு வழியாக வந்தது.

"ரெண்டு தொப்பி இருக்கு லா. மஞ்சப் பட்டயெல்லாம் போட்டு, அழகா. எவனோ வருவான்."

இன்னும் பத்தடி. நிற்க வேண்டியதுதான். 'இது நம்ம வீட்டுக்காரி' என்று சொல்ல வேண்டியதுதான். மூன்று வார்த்தை. ஐயாவு எதிரே இருந்த மைல்கல்லைப் பார்த்தார். அதன் வெள்ளைச் சுண்ணாம்பு உரிந்திருந்ததைப் பார்த்தார். கால்கள் தாவூத்தின் சைக்கிளுக்குச் சமமாக நடந்தன. அவளைக் கடந்தன.

ராக்காயி கூப்பிடவில்லை. ஹெல்மெட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கண்ணாடியைத் திருகும் கிரீச்சென்ற ஓசையும் கேட்டது. அவள் அதைத் தன் உயரத்துக்கு இறக்குகிறாள். பிறகு உதைத்தாள். வண்டி அவர்களை ஒட்டிக் கடந்து மேலே ஏறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாளோ என்னவோ.

"தைரியமான பொம்பள," என்றார் தாவூத். "ஒங்களோட மலைதான் இன்னும் வரல அண்ணே."

மாமனார் வீடு வந்ததும் தாவூத் பிரிந்தார். ஐயாவு திரும்பி நடந்து மரத்தடிக்கு வந்தார். எண்ணெய் இரண்டு சொட்டு மண்ணில் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. மலைக்கு மேலே கறுத்தது. அருவிக்கு மேலே மண் சரியும் இடம் நினைவுக்கு வந்தது. ஹாரன் அடிக்க வேண்டிய வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றைக்கூட அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். இறங்கும் லாரிகளை நிறுத்தி, சிவப்புத் தொப்பி போட்ட பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்க ஒவ்வொரு முறையும் எழுந்தார். அவள் உங்களுக்கு யார் என்று அவர்கள் கேட்டால்? உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் தாழ்ந்த கியரில் ஓர் எஞ்சின் முனகிக்கொண்டு இறங்கி வரும் சத்தம் கேட்டது. மகன் சொன்னபடியே, இரண்டாவது கியரில். அவள் சட்டை நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. பின் இருக்கையில் அவருடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்துக் கட்டி, அதற்குள் ஒரு முட்டைக்கோசை வைத்திருந்தாள்.

கோசை எடுத்து அவரிடம் கொடுத்தாள். ஹெல்மெட்டையும் கொடுத்தாள்.

"கடைசி பஸ்ஸுக்கு நிக்கப்போறீங்களா, ஏறுறீங்களா?"

ஏறினார். மடியில் கோசு. தாப்பா கடைத்தெரு வழியாகவே ஓட்டினாள், நிதானமாக. தாவூத் தே ஆற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பீடோர் பஸ் நிலையத்தில் நான்கைந்து பேர் சதுரங்கப் பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லயத்து முனையில் சீனி வாளியோடு எதிரே வந்தார். "மழையா மேல?" என்று கேட்டுவிட்டுப் போனார். யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் அது ஒன்றுமாகப் படவில்லை. யாராவது ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வீட்டில் கோசை நறுக்கும்போது கேட்டார். "எப்பிடி இருந்துச்சு மேல?"

"குளிரு," என்றாள்.

அதற்கு மேல் ஒரு நாளும் சொல்லவில்லை. தேயிலை, அருவி, பனி எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. மகன் கேட்டபோதும், "நல்லா இருந்துச்சுப்பா," என்றாள், அப்பாவைப் பார்க்காமல். வண்டியில் ஏறுங்கள் என்று அவள் மறுபடி சொல்லவில்லை. ஏறுகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. தாவூத்தின் கடையில் மலைப் பேச்சு எழுந்தால் ஐயாவு காசை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

1988-இல் ராக்காயி இறந்தாள். கொய்யாத் தோட்டத்தில் கூடையோடு உட்கார்ந்தவள் எழவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மகன் ஈப்போவிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வண்டியைத் தோட்டத்திலிருந்து அவன்தான் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினான். எதையும் தொடாமல் விட்டான்.

காரியத்துக்குத் தாவூத் வந்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. மாலை போட்ட படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"அக்காவ நான் பாத்ததே இல்லையேண்ணே. ஒரு நாளு கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்லா."

மகன் பக்கத்தில் நின்றான். ஐயாவு வாயைத் திறந்தார். இந்தத் தடவை எதிரே மைல்கல் இல்லை. படம் மட்டும்தான் இருந்தது.

"அவளுக்கு பஸ்ஸு ஆகாது தம்பி," என்றார்.

அது உண்மைதான். தாவூத் தலையாட்டினார்.

வழியனுப்ப வாசல்வரை கூட வந்தார் ஐயாவு. ஹோண்டா கப் சுவரோரம் நின்றது. ஒரு பக்கம் சிவப்பு ஹெல்மெட். மறுபக்கம் வெள்ளை ஹெல்மெட், அகலமான மஞ்சள் பட்டையோடு. பட்டை ஓரங்களில் பிரிந்திருந்தாலும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. செருப்பை மாட்டக் குனிந்த தாவூத் அதைப் பார்த்தார். சிவப்பையும் பார்த்தார். ஒரு செருப்போடு அப்படியே நின்றார். பிறகு மற்றதையும் மாட்டினார்.

"வாரேண்ணே," என்றார், தரையைப் பார்த்து.

அவர் போய் வெகு நேரம் ஆகியும் ஐயாவு அங்கேயே நின்றார். வண்டியின் கண்ணாடி ராக்காயியின் உயரத்துக்கே திரும்பியிருந்தது. அதில் அவருடைய முகம் இல்லை. சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.