சம்மட்டிக்காரனை உதைத்த ஞாயிறு

பொன்மலை ஃபுட்பால் டீமில் நான் டிஃபென்ஸ் ஆடுகிறவன். ஒரு ஞாயிறு எதிராளியின் முழங்காலைப் பெயர்த்து வீட்டுக்கு அனுப்புவேன். அடுத்த ஞாயிறு, பந்தோடு வருகிறவனுக்கு வழிவிட்டுப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருப்பேன். "இவன் என்னைக்கு எப்படி ஆடுவான்னு இவனுக்கே தெரியாது" என்று கோச் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு நன்றாகவே தெரியும்.

கைலாசபுரம் டீமில் கோல் அடிக்கிறவனும் நானும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். துருப்பிடித்த போல்ட்டின் மேல் நான் உளியைப் பிடிப்பேன், அவன் சம்மட்டியால் அடிப்பான். உளியின் தலைக்கும் என் கைக்கும் நடுவே நாலு விரல் இடம்தான். எட்டு வருஷத்தில் ஒரு அடி தப்பியதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவன் காலை நான் வெட்டினால், திங்கட்கிழமை அந்தச் சம்மட்டி எங்கே இறங்கும்? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் எதிரே வந்தால் காலை நீட்ட மாட்டேன், அவ்வளவுதான்.

போன வருஷம் அவர்களோடு ஃபைனல். வழக்கம்போல விலகினேன். எங்கள் கோல்கீப்பர் என் சொந்தத் தம்பி. பந்தைப் பிடிக்கப் பாய்ந்த தம்பியின் வாயில் சம்மட்டிக்காரனின் முழங்கால் இடித்தது. செம்மண்ணில் ரத்தமும் இரண்டு பல்லும் கிடந்தன.

"நீ ஏண்ணே வழி விட்ட?" என்று தம்பி கேட்டான். உதடு கிழிந்து வார்த்தை குழறியது.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. அடுத்த தடவை சம்மட்டிக்காரன் வந்தபோது நான் பந்தைப் பார்க்கவே இல்லை. கணுக்காலுக்கு மேலே ஷூவோடு விட்டேன். விழுந்தவனுக்கு இடுப்பில் இன்னொரு உதை. அவன் ஆட்கள் என்னைப் புரட்டி எடுத்தார்கள். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவன் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தான். சம்மட்டியை எடுத்தான். நான் உளியைப் பிடித்தேன். சம்மட்டி மேலே போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி உளியின் உச்சியில் நேராக விழுந்தது. போல்ட் துண்டாகித் தெறித்தது.

கண்ணைத் திறந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையில அடிச்சிருவேன்னு நெனச்சியா?"

நான் உளியைக் கீழே வைத்தேன்.

"அப்ப இத்தன வருஷமும் அதுக்குத்தான் வழி விட்டியா? நான் ஏதோ நல்லா ஆடுறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டா."

சம்மட்டியைச் சுவரோரமாகச் சாத்திவிட்டு, வேறு வேலை கேட்டு சூப்பர்வைசரிடம் போனான். நேற்றைய உதைக்கு அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு என்னோடு பேசவும் இல்லை.

இப்போது என் உளிக்குச் சம்மட்டி அடிக்கிறவன் பந்தையே தொட்டதில்லை. என் இடது கட்டைவிரலில் நகம் போய் ஒரு மாதமாகிறது.