ஒரு பக்கம் தள்ளிய கடிகாரம்

கடிகாரத்தின் முகத்தில் திருகாணி தெரிந்தால் அதைக் கட்டியிருப்பவர் ஏழை என்று ஒரு காலத்தில் நம்பினேன். எழுபதுகளின் நடுவில், காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றுக்கு டிசைன் அட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். புடவை பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் கையில் எட்டு மூலை எஃகுக் கடிகாரம், மூலைக்கொரு திருகாணி. கழன்றுபோன கண்ணாடியை எந்த ஊர்க் கொல்லரிடமோ கொடுத்து முடுக்கிக்கொண்டிருக்கிறார், பாவம், என்று நினைத்து, தட்டிலிருந்த பெரிய வடையை அவர் பக்கம் தள்ளினேன். கடை முதலாளி என் காதைக் கடித்தார்: "டேய், அவரு கட்டினுகிறத வித்தா நம்ம தெருவுல ரெண்டு வூடு வாங்கலாம்டா. வடையை இந்தப் பக்கம் இழு."

அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கும் அப்படி ஒன்று வேண்டும். வாங்க முடியாது, ஆகவே செய்வேன். துளை போடுவதுதானே என் தொழில்? தறியின் தலைக்கு மேல் சுற்றிவரும் அட்டைகளில் நான் போடும் துளைகளின்படிதான் புடவைக் கரையில் மயிலும் மாங்காயும் விழும். அந்தத் திமிர். பிள்ளையார்பாளையத்துப் பாத்திரம் பழுது பார்ப்பவரிடம் பித்தளைத் துண்டும், மூக்குக்கண்ணாடிக் கடையில் எட்டுத் திருகாணிகளும் வாங்கினேன். உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு எங்கே போவது? கையிலேயே இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் கல்யாணப் பந்தலில் மாமனார் கட்டிவிட்ட வட்டக் கடிகாரம். அதைக் குடலுருவினேன். வார் கோக்கும் காதுகளையும் அதிலிருந்தே அறுத்தெடுத்து, பித்தளைக் கூட்டில் பற்றவைத்தேன். என் புது மனைவி அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வித்தையைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சாவித் தண்டு வெளியே வரும் துளையை, எட்டுப் பக்கங்களில் மேல்பக்கத்தை ஒன்றாக எண்ணி, மூன்றாவது பக்கத்தில் போட வேண்டும். ஆனால் அட்டை அடிக்கிறவனுக்கு முதல் துளை கணக்கில் கிடையாது. அது அட்டை தறியில் உட்காருவதற்கான துளை, பூ அதற்கடுத்துத்தான் தொடங்கும். பித்தளையிலும் கை அதே பழக்கத்தில் முதலை விட்டுவிட்டு எண்ணியது. துளை ஒரு பக்கம் தள்ளி விழுந்தது. அதனோடு முகமும் திரும்பி, ஒன்றரை இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போய் உட்கார்ந்துகொண்டது. மணி பார்க்க வேண்டுமானால் தலையை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். ஒரு வாரம் அப்படியே திரிந்தேன். தெருவில் இரண்டு பேர் சுளுக்கு எடுக்கிறவரின் முகவரி கொடுத்தார்கள்.

அப்போதுதான் மனைவியின் ஊரான கூரத்திலிருந்து சேதி வந்தது: மாமனார் நாளை வருகிறார். அவர் கொடுத்ததை அறுத்துப் போட்டது எப்படியோ தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஊரையே கிண்டலடிக்கிற என் வாய் அன்றிரவு கந்த சஷ்டி வேண்டுதல்வரை போனது. மறுநாள் அவர் வந்து உட்கார்ந்தபோது இடது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "பொண்ணைக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன் மாப்ளே."

முடிந்தது கதை என்று நினைத்து, "மாமா, தெரியாம பண்ணிட்டேன்" என்று அவர் காலடியில் குனிந்தேன்.

"இன்னாத்துக்குபா கால்ல வுழற? நாளைக்கு ஆடி பொறக்குது. புதுப் பொண்ணை அழைக்க மாட்டாங்களா?" என்றார். பிறகு உற்றுப் பார்த்தார். "கழுத்து ஏன் ஒரு பக்கமா சாஞ்சிக்கினு இருக்குது? வெளக்கெண்ண தடவும்மா இவருக்கு."

உள்ளே அவள் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பு தாங்காமல் ஓடி, "பாத்தியா, உங்கப்பா வாட்சைக் கண்டுக்கவே இல்ல!" என்றேன்.

"அவரு ஏன் கண்டுக்குவாரு? அவரா வாங்கினாரு?" முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே சொன்னாள். "எதிர்வூட்டுத் தறிக்கு மூணு வருசம் தார்க்குச்சியில நூல் சுத்தினேன். அதுல வாங்கி, நீங்க கட்டிவுடுங்கன்னு அவரு கையில குடுத்தேன்."

"அறுக்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எப்போ கேட்டீங்க?"

யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதில்கூட நான் ஆள் மாறிப் பயந்திருக்கிறேன். பந்தலில் கட்டிவிட்ட கையைத்தான் பார்த்தேன். பட்டு நூலைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்கள் தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன. காது அறுந்த பழைய கூட்டை இனி ஒட்டவும் முடியாது.

ஆடி முடிந்து அவள் திரும்பி வந்தாள். கடிகாரம் கோணலாகவே ஒன்பது ஆண்டுகள் ஓடியது. அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவள் என்னிடம் மணி கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.