மகாராணியைப் பூட்டிய வார்டு

போர்ட் பிளேரின் நகர எல்லையை ஒற்றை ஆளாக ஓட ஓட விரட்டியவள் என் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். எல்லை ஓடவில்லை, ஒரு குமாஸ்தாதான் ஓடினார்.

இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, சுனாமிக்குப் பிறகு புரோத்ராபூர்ப் பக்கம் எங்கள் மேட்டுக்குக் குடிவந்தவள் அவள். மூன்றாவது தடவை கால் அசையாமலே ஊர் மாறினாள். பஞ்சாயத்தைக் கலைத்து மேட்டை நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

பஞ்சாயத்துக் காலத்தில் அவளுடைய பசு மகாராணி தானே மேயப் போகும், தானே திரும்பும். நகரத்திலோ மாடு தெருவில் நடந்தால் குற்றமாம். நிறைசினை என்றுகூடப் பாராமல் லாரியில் ஏற்றினார்கள்.

பிடித்த மாட்டை அந்தந்த வார்டிலேயே அடைக்க வேண்டும் என்பது புது விதி. புது வார்டில் மாடு அடைக்கும் பவுண்டு ஏது? குமாஸ்தா ஸ்ரீதர், பஞ்சாயத்து ஒப்படைத்த சொத்துப் பட்டியலைப் புரட்டினார். பஞ்சாயத்து கொடுத்த தகரத்தில் எழுந்ததால் சொர்ணம்மாவின் கொட்டகையும் அதில் இருந்தது. அரை மணியில் மகாராணி தன் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கியது. உள்ளே கட்டி, கதவுக்குப் பூட்டும் போட்டார்கள்.

"குமாஸ்தா பாபு, இது என் கொட்டகை. உள்ள நிக்கிறது என் மாடு."

"இருக்கலாம்மா. இப்ப இது பவுண்டு. மனு குடுங்க, திங்கக்கிழமை பாக்கலாம்."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் கன்னு போடாதேன்னு நீங்களே அதுகிட்ட சொல்லிட்டுப் போங்க."

சொல்லி முடிப்பதற்குள் மகாராணி வலியில் கத்தியது. ஸ்ரீதர் சட்டைப்பையைத் தடவினார். சாவி டிரைவரிடம், லாரி டெலானிபூர் போய்விட்டது. அது போன திசையில் ஓடினார்.

அவர் திரும்புவதற்குள் சொர்ணம்மா பூட்டை ஒரே இழுப்பில் பிய்த்தெறிந்து, கன்றையும் எடுத்துத் துடைத்துவிட்டாள். பதிவேட்டில் பிடிபட்ட மாட்டுக்குத்தான் இடம் உண்டு, பிறந்த மாட்டுக்கு இல்லை. கன்றை எங்கே எழுதுவதென்று விளங்காத ஸ்ரீதர், கொட்டகையையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

இதைச் சொர்ணம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏக்கா இப்படிப் புளுகுறீங்க? பூட்டை நான் தொடவே இல்ல. பஞ்சாயத்து குடுத்த தகரம் முன்பக்கத்துக்குத்தான் பத்துச்சு. பின்னால சுத்திப் போனேன். அந்தப் பக்கம் சுவரே கிடையாதே!"