சித்தப்பா எடுத்த சனி

சனிக்கிரகத்தை பிளேடால் சுரண்டி எறிந்த குடும்பம் எங்களுடையது. அந்தப் புண்ணியம் என்னைத்தான் சேரும். அப்போது எனக்குப் பதினோரு வயது. அவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு அது சின்ன வயசாயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம். நான் எதிலும் கொஞ்சம் முந்திக்கொள்கிறவன்.

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியில், வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தப்பா மில்லில் தறி ஓட்டினார். ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, யாரும் சீண்டாத பெரிய லென்ஸ் ஒன்றை எடுத்துவந்தார். மில்லில் துணி சுற்றும் அட்டைக் குழாயின் ஒரு முனையில் அதைப் பொருத்தினார். மறுமுனையில் வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. டெலஸ்கோப் தயார். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஊதினா அடுப்பு நல்லா எரியும்” என்றாள்.

பங்குனி மாதம், சாயங்காலம் ஏழரை மணி இருக்கும். மாடியில் சித்தப்பா என் தலையைப் பிடித்து அந்தக் கண்ணாடியோடு சேர்த்து வைத்தார். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு கறுப்புக்கு நடுவே, மஞ்சளாக, ஒரு துவரம்பருப்பு அளவுக்கு அது வந்து நின்றது. சுற்றிலும் வளையம். எதிலும் ஒட்டாமல், எதிலும் தொங்காமல் இருந்தது. யாரோ குழாய்க்குள்ளேயே வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, முன்பக்கம் ஓடிப்போய் லென்ஸைத் தடவிப் பார்த்தேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. திரும்பி வந்து பார்த்தபோது அது மெல்ல நகர்ந்து, ஓரத்துக்குப் போய் மறைந்தது.

“எங்க சித்தப்பா போவுது?”

“அது போவலடா. நாமதான் போறோம். பூமி சுத்துதுல்ல.”

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பூமி சுற்றுகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் என்னையும் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் எல்லோரும் வரிசையாக மாடியேறிப் பார்த்தார்கள். சித்தி மட்டும் வரவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. எந்த ஜோசியரிடம் போனாலும் சனி பார்வை என்றுதான் சொன்னார்கள். திருநள்ளாறு போய்க் குளித்துவிட்டு, உடுத்திய சேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. அப்படியும் பயம் போகவில்லை. சனிக்கிழமைகளில் இருட்டின பிறகு முற்றத்துக்கே வரமாட்டாள்.

“ஒரே ஒரு தடவ வந்து பாரேன். எவ்ளோ அழகா கீது தெரியுமா?” என்று சித்தப்பா படிக்கட்டில் நின்று கெஞ்சினார்.

“அது என்னப் பாக்கறது போதாதுன்னு, நான் வேற ஏறி வந்து அதப் பாக்கணுமா?” என்று சமையலறையிலிருந்தே பதில் வந்தது.

அதனால்தான் போட்டோ. போட்டோ திருப்பிப் பார்க்காது அல்லவா? மில் சிநேகிதர் ஒருவரின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய்; எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. லீவில் வந்திருந்தவரிடம் சித்தப்பா காமிராவை இரவல் வாங்கினார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மறுநாள் காலை அவர் பாரீசுக்குக் கிளம்புகிறார்.

சனி நம் தெரு மனிதர்களைப் போல போட்டோவுக்கு விறைப்பாக நிற்கிற ஆள் இல்லை. காமிராவைக் கண்ணாடியோடு சேர்த்துக் கட்டினால் குழாய் தலைசாய்ந்தது. சாய்ந்ததைச் சரிசெய்வதற்குள் சனி ஓடிவிட்டது. பட்டனை அமுக்கினால் குழாய் அதிர்ந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குழாயின் வாயை என் சிலேட்டால் நான் மூடிக்கொள்ள வேண்டும். அவர் பட்டனை அமுக்கிப் பிடித்து, ஆட்டம் அடங்கியதும், “எடு” என்பார். ஒரு எண்ணிக்கை எண்ணி, “மூடு” என்பார். இடையில் மூச்சு விடக்கூடாது. கடல்காற்று மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு படம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அவ்வளவு பெரிய ஒன்றுக்குக் கதவு திறந்து மூடுகிறவன் நான்தான் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் சித்தப்பாவுக்குக் காலை ஷிப்டு. காமிராவைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில், ரோலைக் கழட்டி என்னிடம் கொடுத்தார்.

“ஸ்டுடியோவுல சனின்னு மட்டும் சொல்லிராத. அந்தாளு ராகுகாலம் பாத்துதான் கடையே தொறப்பான். கையால தொடமாட்டான்.”

“கேட்டா என்ன சொல்றது?”

“ஏதாவது சொல்லுடா.”

நான் ஏதாவது சொன்னேன். “எங்க சித்தப்பாவும் சித்தியும். மாடியில, இருட்டுல எடுத்தது. ரொம்ப முக்கியம்.”

ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர். கல்யாணப் படங்களில் பெண்களின் முகத்திலிருக்கும் அம்மைத் தழும்பை பிலிமிலேயே சரிசெய்துவிடுவார். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவர் கையால்தான் முகம் தெளிந்தது. இரண்டு நாள் கழித்துப் போனபோது வருத்தத்தோடு கவரை நீட்டினார்.

“தம்பி, ஆளே வுழல. மூணு படத்துல மட்டும் நட்டநடுவுல கறுப்பா எள்ளு மாதிரி ஒரு அழுக்கு. அதச் சுத்தி ஒரு வட்டம் வேற. முகத்துமேல குந்தியிருக்கோ என்னமோன்னு பிளேடால பதமா சுரண்டி எடுத்தேன். அப்பவும் ஆள் தெரியல. சித்தப்பாகிட்ட சொல்லு, பகல்ல வரச்சொல்லி நானே எடுத்துத் தர்றேன்.”

பிலிமில் வெள்ளை கறுப்பாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அழுக்குக்கு வட்டம் இருக்காது என்றும் தெரியும். வீடு போகிற வரைக்கும் சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

சித்தப்பா வாசலிலேயே காத்திருந்தார். “என்னடா சொன்னாரு?”

பொய் சொன்னது தெரிந்தால் அடி விழும் என்று நினைத்தேன். “ஒண்ணும் வுழலையாம்” என்றேன்.

அவர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மூன்று இடத்தில் கட்டைவிரலால் தடவினார். “ஏதோ கீறல் கீது” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழாய் பரணுக்குப் போனது. இன்னொரு காமிரா கிடைக்காமலா போயிருக்கும்? அவர் ஏன் மறுபடி முயலவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் போட்டோ எடுக்க ஆசைப்பட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் பயத்தை எடுக்கப் பார்த்தார் என்று புரிய எனக்குக் கல்யாணமாக வேண்டியிருந்தது. ஒன்றுகூட விழவில்லை என்றதும் அந்த ஆசையே விட்டுப்போயிருக்கும். அதற்குள் அவர்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. குழந்தை பிறக்கவே இல்லை.

போன வருஷம் சித்தப்பாவின் கருமாதி முடிந்த சாயங்காலம். சொந்தக்காரர்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைக் கலகலப்பாக்குவது எப்போதும் என் வேலை. ஸ்டுடியோக்காரர் சனியைச் சுரண்டிய கதையை, அவர் குரலிலேயே, முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் எடுத்துவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்:

“மூணு படம் வுழுந்துச்சுன்னு அவரு உசுரோட இருக்கும்போது சொல்றதுக்கு உனக்கு வாயில்லாம போச்சா? இப்ப வந்து யாருக்குடா சொல்ற?”