குகநாதன் தூக்கிலே போட்டவர்கள்

லண்டன் செவன் கிங்ஸில் வீடு சூடாக்கும் பொய்லர் திருத்தும் குகநாதனைத் தெரியாத தமிழர் யாராவது இருந்தால், அவர்கள் வீட்டில் இன்னும் ஹீட்டிங் பழுதாகவில்லை, யாரும் சாகவுமில்லை என்று அர்த்தம். முதலாவதற்குக் கூப்பிட்டால் வருவார். இரண்டாவதற்குக் கூப்பிடவே தேவையில்லை.

செத்தவீடு என்றால் மனிதருக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வருமோ! கோயில் மண்டபத்துக் கதிரைகளைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்து இறக்குவார். வருகிறவர்களின் கார்கள் அயலவர் வாசலை மறிக்காமல் தெருவில் நின்று கை காட்டுவார். பெரிய தேநீர்க் கேத்தில் நிறையப் பால் விடாத பிளேன்ரீ போட்டு, சீனி வேண்டாத ஆட்களை ஞாபகம் வைத்துக் கொடுப்பார். சந்தோஷமாகச் செய்தார் என்று சொன்னால் பிழையாக விளங்குவீர்கள், ஆனால் உண்மை அதுதான். நாலு பேருக்கு உதவியாக நின்று களைத்து, வீட்டுக்கு வந்து தலை முழுகி, மனைவி சிவனேஸ்வரி வைத்த மீன்குழம்போடு சாப்பிட்டுப் படுத்தால் அவருக்கு அப்படி ஒரு நித்திரை வரும். இரண்டு பெண்பிள்ளைகளும் கல்யாணம் கட்டிப் போய்விட்டார்கள். அறுபது தாண்டியும் முழங்கால் நோவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர்.

ஒரேயொரு கிறுக்கு இருந்தது. காலையில் போனைத் திறந்து செய்தி வாசித்தால் யாரையாவது தூக்கிலே போடாமல் மூடமாட்டார். குடித்துவிட்டுக் காரை ஓட்டிப் பஸ்ஸுக்கு நின்றவர்களைக் கொன்றவன், பெண்சாதியைக் கொன்றுவிட்டுக் காணவில்லை என்று பொலிசில் முறையிட்டவன், கிழவியைத் தள்ளி விழுத்திக் கைப்பையைப் பறித்தவன், எல்லோருக்கும் ஒரே தீர்ப்புத்தான். ஒருமுறை பார்க்கில் வாத்துகளுக்கு நஞ்சு வைத்தவனையும் தூக்கச் சொன்னார்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு எத்தினை பேர்?” என்று சிவனேஸ்வரி குசினிக்குள் இருந்து கேட்பார். “இந்த நாட்டிலை தூக்கை நீங்கள் பிறந்த காலத்திலையே நிப்பாட்டிப் போட்டாங்கள்.”

“அதாலைதான் நாடு இந்தக் கோலத்திலை கிடக்கு” என்று சொல்லிவிட்டுக் குகநாதன் தேநீரை ரசித்துக் குடிப்பார். பிறகு வானை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், யாரோ ஒரு வயோதிபரின் ரேடியேட்டரைக் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட கொலைகாரர் அவர்.

வெள்ளி மாலைகளில் இராஜேந்திரன் வீட்டுக்குப் போவது வழக்கம். இரண்டு பேரும் ஜெர்மனியில் ஒரே அகதி முகாமில் இருந்து, ஒரே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு ஒருவர் பின் ஒருவராக லண்டனுக்கு வந்தவர்கள். இராஜேந்திரன் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மனைவி கனகாம்பிகை வெள்ளிக்கிழமையில் கடலை தாளிப்பார். மகன் சிவதர்ஷன் ஒரே பிள்ளை. பதினொரு வயதில் அவன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், டை கட்டத் தகப்பனுக்குத் தெரியவில்லை. விடியவே குகநாதனைக் கூப்பிட்டார்கள். அவர்தான் பிள்ளையைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பின்னால் நின்று, கழுத்து இறுகாமல் கட்டிவிட்டவர்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் இரவு பக்கத்திலே பிளேஸ்டோவில் ஒரு கார் தரிப்பிடத்தில் பெடியன்களுக்குள் சண்டை வந்து, யனுஷன் என்ற பிள்ளையைக் கத்தியால் குத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே சீவன் போய்விட்டது. குத்தியவன் அகப்படவில்லை. செய்தியில் அந்தப் பிள்ளையின் சிரித்த படத்தைப் போட்டார்கள். குகநாதனுக்கு நெஞ்சு கொதித்தது.

“பிடிச்சு நடுச்சந்தியிலை வைச்சுத் தூக்கவேணும் மச்சான். பெத்ததுகளையும் பக்கத்திலை நிப்பாட்டிப் பாக்க விடவேணும். வளர்த்த வளர்ப்பு அப்பிடி.”

“ஓம், உண்மைதான்” என்றார் இராஜேந்திரன்.

“பாவம், அந்தத் தாய்” என்றார் கனகாம்பிகை. சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கடலை போட்டார். மேல்மாடியில் சிவதர்ஷன் காய்ச்சல் என்று படுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோனது.

குகநாதன் அதைக் கேட்டபோது யாரோ வீட்டு மாடிப்படியில் ஸ்பனரோடு நின்றார். அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வானுக்குள் போய் இருந்தார்.

யனுஷன் வீட்டுக்கு அவர் போகாமல் இல்லை. கதிரை இறக்கினார், பிளேன்ரீ ஊற்றினார். அங்கே வந்த அத்தனை பேரும் தூக்கு, தூக்கு என்றுதான் கதைத்தார்கள். வழக்கமாக அந்தக் கதையை ஆரம்பிக்கிறவர் அன்றைக்குக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தார். யனுஷனின் தகப்பன் பஸ் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“வந்த நேரம் தொட்டு எல்லாரும் அவனைப் பற்றித்தான் கதைக்கிறியள். என்ரை பிள்ளையைப் பற்றி ஏதாவது கதையுங்கோ.”

யாருக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. குகநாதன் கேத்திலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். யோசித்துப் பார்த்தார், இத்தனை வருஷம் செய்தியில் தான் தூக்கிலே போட்டவர்களின் பெயர்கள் ஞாபகம் இருந்தன, செத்தவர்களின் பெயர் ஒன்றுகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது.

வழக்கு முடிந்தது. சிவதர்ஷன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆயுள் தண்டனை, இருபது வருஷத்துக்குக் கிட்டவாவது உள்ளே இருக்கவேண்டும் என்றார் நீதிபதி. ஊர்வாய்க்கு அது காணாது, தூக்குத்தான் வேண்டும். இராஜேந்திரன் கடையை விற்றுவிட்டார். ஒருவரும் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

குகநாதனும் மிதிக்கவில்லை. செத்தவீடென்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். கல்யாணவீடு, பிள்ளை பிறந்த வீடு, எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. இந்த வீட்டுக்கு என்ன முறை? எந்த முகத்தோடு போவது? வெள்ளிக்கிழமை வந்தால் சும்மா வானைத் துடைப்பார். காலையில் செய்தி வாசிக்கும்போது பழக்கத்தில் “இவனைப் பிடிச்சு…” என்று தொடங்குவார். உடனே கண்ணாடி முன்னால் நின்ற சிறு பெடியனின் கழுத்து கண்ணுக்குள் வரும். போனை மூடிவிடுவார்.

சிவனேஸ்வரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்: “ஆர் செத்தாலும் அழைப்பில்லாமல் ஓடுற மனிசன் நீங்கள். இந்த வீட்டுக்கு மட்டும் கார்ட் அடிச்சுத் தரவேணுமோ?”

“என்னத்தைச் சொல்லிக்கொண்டு போறது?”

“ஒண்டும் சொல்லவேண்டாம். அவையின்ரை பொய்லரை நீங்கள்தானே வருஷா வருஷம் கார்த்திகையிலை பாக்கிறனீங்கள்? இப்ப கார்த்திகைதானே.”

மனிதருக்கு உயிர் வந்தது. அடுத்த நாளே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மணியை அடித்தார்.

கனகாம்பிகைதான் கதவைத் திறந்தார். பாதி ஆளாகிப் போயிருந்தார். “வாங்கோ அண்ணை” என்று வழிவிட்டார். முன் அறையில் இராஜேந்திரன் இருந்தார். தொலைக்காட்சி போடவில்லை, ஆனாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய்லர் பாக்க வந்தனான் மச்சான்.”

இராஜேந்திரன் திரும்பவில்லை.

குகநாதன் குசினிக்குள் போய்ப் பொய்லரின் மூடியைக் கழற்றினார். ஒரு பழுதும் இல்லை. இருந்தும் தூசு தட்டினார், துடைத்தார், பூட்டியதைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். கனகாம்பிகை தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன். என்ரை பிள்ளையைத் தூக்கத்தான் வேணுமெண்டு இப்பவும் நினைக்கிறியளோ?”

முன் அறைக்குக் கேட்கும்படிதான் கேட்டார். குகநாதன் ஸ்பனரைக் கீழே வைத்தார். பொய் சொல்லிவிட்டுத் தப்பலாம். அவருக்கு அது வரவில்லை.

“தங்கச்சி, செத்த பிள்ளையின்ரை வீட்டிலை நான் நிண்டனான். அந்தத் தாய் தூக்கவேணுமெண்டு கேட்டால், அவவுக்கு நான் மறுத்துச் சொல்லமாட்டன். ஆனா என்ரை வாயாலை இனி ஆரையும் தூக்கச் சொல்ல ஏலாது. செய்தியிலை வாறவனுக்கும் ஒரு கழுத்து இருக்கெண்டு இவ்வளவு காலமும் நான் யோசிக்கேல்லை.” தூசு துடைத்த துணியை மடித்தார். “அண்டைக்கு உங்களையும் சேர்த்துச் சொன்னனான். அது நான் செய்த பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அவன் செய்தது பெரிய பிழைதான் அண்ணை” என்றார் கனகாம்பிகை. “அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் விளக்கு வைக்கிறன். ஆனா இவனை வெறுக்க என்னாலை ஏலாமல் கிடக்கு.”

குகநாதன் தேநீரைக் குடித்து முடித்துப் பெட்டியை எடுத்தார். போகும்போது நண்பனின் முதுகைப் பார்த்தார். ஒரு சொல்லாவது வராதா என்று நின்றார். வரவில்லை. ஒன்றும் பேசாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவைத் தானே திறந்து, தலையைக் குனிந்தபடி வெளியே இறங்கி நடந்தார்.

“அண்ணை!”

கனகாம்பிகை செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடி வந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. அந்த வீட்டுக்குள் போனதில் இருந்து அவர் குரல் இவ்வளவு உயர்ந்து குகநாதன் கேட்டது அப்போதுதான்.

“சொல்லிப்போட்டுப் போங்கோ அண்ணை. இது செத்தவீடில்லை. என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான்.”

குகநாதனுக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் இருந்துதான் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போவார்கள். அங்கே நின்று ‘போட்டு வாறன்’, அதாவது போய் வருகிறேன், என்று யாரும் சொல்லமாட்டார்கள். எத்தனையோ செத்தவீடுகளில் இருந்து இறங்கிய கால்கள், பழக்கதோஷத்தில் இந்த வீட்டிலும் அப்படியே இறங்கிவிட்டன. கடவுளே, தாயின் முன்னால் என்ன வேலை செய்துவிட்டேன் என்று பதறினார்.

திரும்பி வந்து படியில் ஏறினார். வீட்டுக்குள் கேட்கும்படி, நன்றாகச் சத்தமாகவே சொன்னார்.

“போட்டு வாறன் தங்கச்சி. மச்சான், போட்டு வாறன்.”

கனகாம்பிகை தலையாட்டினார். குகநாதன் படியால் இறங்கப் போனபோது முன் அறைக்குள் இருந்து, ஒரு வருஷமாகக் கேளாத குரல் வந்தது.

“ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பாக்கப் போகவேணும். ரெயில் போகாத இடம். உன்ரை வானைக் கொண்டு வா மச்சான்.”