விரதத்திற்கு முன் பாம்புக்குக் கொடுத்த பெரிய எலி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பாம்பு வளர்ப்போருக்குப் பயன்படும் என்றே, எண்பதுகளின் இறுதியில் மோர்டனில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த இதனை எழுதுகிறேன்.

வெளியூர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற என் மகள், தான் வளர்த்த நஞ்சற்ற பாம்பை என் பொறுப்பில் விட்டாள். வாரம் ஒருமுறை, உறைபெட்டியிலுள்ள சுண்டெலி ஒன்றைப் பனி நீக்கிக் கொடுக்கவேண்டும். ஒருமுறை அவ்வாறு இரை கொடுக்கும் நாள் கந்தசஷ்டி விரதத்தின் நடுவில் வந்தது. விரத காலத்தில் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி எதுவும், ஆகாது. ஆகவே, விரதம் முடியும்வரை தாங்கட்டும் என்று, முன்கூட்டியே கடையில் பெரிய எலியொன்றை வாங்கிக் கொடுத்தேன். பாம்பு அரும்பாடுபட்டு விழுங்கியது. மூன்றாம் நாள் அதனைக் கக்கிவிட்டு அசைவின்றிக் கிடந்தது.

மகளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்ன குடுத்தனீங்கள், அப்பா?”

“பெரிய எலிதான், பிள்ளை. விரதம் முடியுமட்டும் தாங்கும் எண்டு நினைச்சன்.”

“மாப்பிள்ளை விருந்தே வைச்சனீங்கள்? அதையும் உங்களோட விரதம் இருக்க விட்டிருக்கலாம். இரண்டு கிழமை சாப்பிடாமல் அதுக்கு இருக்க ஏலும்.”

மிருக வைத்தியர் தண்ணீர் மட்டும் வைத்துப் பத்து நாள் பட்டினி போடச் சொன்னார். பிழைக்குமா என்பதை அவரும் உறுதியாகக் கூறவில்லை. பதினோராம் நாள் கொடுத்த சிறு எலிக்குஞ்சு பாம்பின் வயிற்றில் தங்கிய பின்னரே எனக்கு நிம்மதி பிறந்தது.

இப்போதெல்லாம் பாம்பின் உடல் மிகவும் தடித்த இடத்தை நூலால் சுற்றி அளந்து, அந்நூலுக்குள் அடங்காத எலியைக் கொடுப்பதில்லை. அதன்பின் அது ஒருமுறையேனும் கக்கியதில்லை. கந்தசஷ்டிக்கு அதுவும் எங்களோடு விரதம் இருக்கிறது.

பாம்பு வளர்ப்போர் இக்குறிப்பைப் பத்திரிகையிலிருந்து நறுக்கி, எலிகள் வைக்கும் உறைபெட்டியருகே பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.